பசிக்க விட்டால் தின்னும் என்பது ஃபெரெட்டுக்குப் பொருந்தாது

கேள்வி: டொக்டர், நான் வெள்ளவத்தையில் ஒரு தொடர்மாடி வீட்டில் அம்மா, அம்மம்மா, அக்கா, அக்காவின் 3 வயது மகன் ஆகியோருடன் இருக்கிறேன். என்னிடம் இரண்டு ஃபெரெட்டுகள், பார்க்கக் கீரி மாதிரி இருக்கும், இறைச்சி தின்னும் சிறிய செல்லப்பிராணிகள். பொரிக்கு ஒன்றரை வயது, ஆண், 1.2 கிலோ. மிளகுக்கு நாலு வயது, பெண். இரண்டும் இதுவரை பூனைகளுக்கான பக்கெட் உலர் உணவுதான் சாப்பிட்டன. ரொரன்ரோவில் ஃபெரெட் வளர்க்கும் என் மச்சாள், "பக்கெட்டை ஒரேயடியாக நிறுத்து, பச்சை இறைச்சியை வை, பசித்தால் தானாகத் தின்னும்" என்று சொன்னாள். நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்து எலும்பில்லாத கோழித் துண்டுகளை மட்டும் வைத்தேன். பொரி இரண்டு துண்டை எடுத்துக்கொண்டு ஓடினான், தின்றானா தெரியாது. மிளகு மோந்துகூடப் பார்க்கவில்லை. இரவு அவளுக்கு எச்சில் வடிந்தது, வாயைச் சுரண்டிக்கொண்டே இருந்தாள், பின்னங்கால் இழுபட்டது, கூப்பிட்டாலும் திரும்பவில்லை. அம்மா சீனித் தண்ணீர் தொட்டு வைத்தார், பழைய உணவையும் வைத்தோம், கொஞ்ச நேரத்தில் எழும்பிவிட்டாள். போன மாதம் 720 கிராம் இருந்தவள் அடுத்த நாள் 655 கிராம். இரண்டு நாள் கழித்து அலுமாரிக்குப் பின்னாலிருந்து நாற்றம் வந்தது. இயற்கை உணவுக்கு மாற்றத்தான் எனக்கு விருப்பம். அம்மாவோ வெள்ளிக்கிழமை வீட்டுக்குள் பச்சை இறைச்சியே கூடாது என்கிறார். என்ன செய்யலாம்?

பதில்: அன்புள்ள தங்கைக்கு,

முதலில் மிளகு. அன்று அவள் காட்டியது பிடிவாதம் இல்லை. எச்சில் வடிதல், வாயைச் சுரண்டுதல், பின்னங்கால் இழுபடுதல், கூப்பிட்டாலும் திரும்பாமை என்று நீங்கள் எழுதிய நான்கும் இரத்தத்தில் சீனி இறங்கும்போது ஃபெரெட் காட்டுகிற அடையாளங்கள். மூன்று, நாலு வயது தாண்டிய ஃபெரெட்டுகளுக்குக் கணையத்தில் சிறிய கட்டி வருவது சாதாரணம். இன்சுலினோமா என்று பெயர். அந்தக் கட்டி அளவில்லாமல் இன்சுலினைச் சுரக்கும். அடிக்கடி சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது. ஒரு நாள் வயிறு காய்ந்தால் தெரிந்துவிடும். மிளகுக்கு அந்தக் கட்டி இருக்கிறது என்று கடிதத்தை வைத்துக்கொண்டு நான் சொல்ல முடியாது. ஆனால் இருக்கலாம் என்ற சந்தேகம் பலமானது. ஆகவே உணவு மாற்றம் பற்றி யோசிக்கும் முன்பு, இந்தக் கிழமைக்குள் அவளை ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோய் இரத்தத்தில் சீனி அளவு பாருங்கள். மூன்று, நாலு மணி நேரம் சாப்பிடாமல் வைத்திருந்து எடுக்க வேண்டிய சோதனை இது. அந்தப் பட்டினியும் வைத்தியரின் கண் முன்னால்தான் நடக்க வேண்டும், வீட்டில் வேண்டாம். டெசிலீட்டருக்கு 70 மில்லிகிராமுக்குக் கீழே வந்தால் சந்தேகப்பட வேண்டும், 60க்குக் கீழே வந்தால் மருந்து தொடங்குவது பற்றியே பேச வேண்டியிருக்கும்.

வீட்டில் அம்மம்மாவின் சீனி பார்க்கும் கருவி இருந்தால் அதில் பார்க்கலாமா என்று உங்களுக்குத் தோன்றக்கூடும். மனிதருக்குச் செய்த கருவி ஃபெரெட்டின் இரத்தத்தில் உண்மையான அளவைவிடக் குறைத்துக் காட்டும். ஆய்வுகூடத்தில் பார்ப்பதுதான் சரி.

அம்மா செய்த முதலுதவி நல்ல முதலுதவி. இன்னொரு தடவை அப்படி நடந்தால் தேனோ கித்துள் பாணியோ ஒரு சொட்டு எடுத்து, பஞ்சுக் குச்சியால் முரசில் தடவுங்கள். விரலை உள்ளே விட வேண்டாம், தன்னிலை மறந்த ஃபெரெட் பலமாகக் கடிக்கும். வலிப்பு வந்திருந்தால் வாய்க்குள் தண்ணீர் ஊற்றவே கூடாது, மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். எழும்பினதும் இனிப்போடு நிறுத்திவிடாதீர்கள். இனிப்பு சீனியை ஏற்றும், கட்டி அதைக் கண்டு இன்னும் இன்சுலினைச் சுரக்கும், மறுபடி இறங்கும். அவளுக்குப் பழக்கமான உணவைக் கையோடு கொடுத்து, அன்றைக்கே வைத்தியரிடம் போங்கள்.

இப்போது உங்கள் மச்சாள் சொன்னதற்கு வருகிறேன். அவரைக் குறை சொல்லவில்லை. அவருடைய ஃபெரெட்டுகள் குட்டியிலிருந்தே இறைச்சி கண்டவையாக இருக்கலாம். "பசித்தால் தின்னும்" என்பது நாய்க்கு ஓரளவு பொருந்தும். ஃபெரெட்டுக்குப் பொருந்தாது, அதற்குக் காரணம் இரண்டு.

ஒன்று, அதன் குடல். ஃபெரெட்டின் குடல் மிகவும் குட்டை. வாய்க்குள் போனது மூன்று, நாலு மணி நேரத்தில் வெளியே வந்துவிடும். பெருங்குடலின் தொடக்கத்தில் நமக்கு இருக்கிற குடல்வாய்ப் பை அதற்கு இல்லை, மாப்பொருளையும் நாரையும் ஊறவைத்துப் புளிக்கவைத்துச் சத்து எடுக்கிற இடமே அங்கு கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாக நாள் முழுக்கச் சாப்பிடப் பிறந்த உயிர் அது. சுகமான ஃபெரெட்டையே நாலு மணி நேரத்துக்கு மேல் வெறும் வயிற்றில் வைக்கக் கூடாது என்றுதான் நாங்கள் சத்திரசிகிச்சைக்கு முன்பும் கணக்குப் பார்ப்போம். ஞாயிறு காலையிலிருந்து இரவு வரை என்றால் மிளகுக்கு அது நமக்கு இரண்டு, மூன்று நாள் பட்டினி மாதிரி.

மற்றது, மூக்கு. எது சாப்பாடு என்பதை ஃபெரெட் குட்டியாக இருக்கும்போது மணத்தை வைத்துப் படித்துக்கொள்கிறது. ஆறு மாதம் அளவில் அந்தப் பாடம் முடிந்துவிடும். அதற்குப் பிறகு வருகிற புது மணம் அதற்குச் சாப்பாடாகவே தெரியாது. நீங்கள் வைத்த கோழித்துண்டு மிளகுக்கு ஒரு துண்டு சவர்க்காரம் மாதிரித்தான். பசியால் மயங்கிக் கிடக்கும், அதைத் தின்னலாம் என்று தோன்றாது. ஆகவே இங்கே மாற்ற வேண்டியது பசியை இல்லை, மணத்தை. மணத்தை மாற்ற நாள் எடுக்கும். பொரிக்கு மூன்று, நாலு கிழமை போதும் என்று நினைக்கிறேன். மிளகுக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். கடைசிவரை மாறாமலும் போகலாம்.

இயற்கை உணவு நல்லதுதானா என்று நீங்கள் நேராகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அங்கேயும் இருக்கிறது. ஃபெரெட் ஐரோப்பியக் காட்டில் முயலும் எலியும் பிடித்துத் தின்ற போல்கேட் என்ற விலங்கின் வழி வந்தது. முயல் வேட்டைக்காக மனிதர் அதை 2000 வருடத்துக்கு மேலாக வளர்க்கிறார்கள். பார்க்கிறவர்கள் கீரி என்பார்கள், உங்கள் தொடர்மாடிக் காவலாளியும் சொல்லியிருப்பார். கீரி வேறு குடும்பம், இலங்கையில் ஃபெரெட்டுக்கு உறவு என்றால் நீர்நாய்தான். ஃபெரெட் இறைச்சி மட்டுமே தின்னப் பிறந்த உயிர். அதற்கு வேண்டியது நிறைய விலங்குப் புரதம், நல்ல கொழுப்பு, மிகக் குறைந்த நார், முடிந்தவரை மாப்பொருள் இல்லாமை. உலர் உணவில் புரதம் குறைந்தது 35 வீதமும் கொழுப்பு 15 முதல் 20 வீதமும் இருக்க வேண்டும், அந்தப் புரதமும் விலங்கிலிருந்து வந்திருக்க வேண்டும். சோளமும் பட்டாணியும் முதலில் எழுதியிருக்கிற பக்கெட்டை ஃபெரெட்டுக்கு வாங்காதீர்கள். தாவரப் புரதம் கூடின உணவு தின்கிற ஃபெரெட்டுக்குச் சிறுநீர்ப் பையில் கல் வருவது எங்களுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். மாப்பொருள் கூடினால்தான் இன்சுலினோமா வருகிறது என்று சொல்பவர்கள் நிறையப் பேர். அது சந்தேகம்தான், நிரூபணமான காரணம் இல்லை. ஆகவே "பக்கெட் போட்டு நான்தான் மிளகைக் கெடுத்துவிட்டேன்" என்று நீங்கள் மனம் வருந்த வேண்டாம்.

இறைச்சிக்கு மாறினால் பல்லில் ஊத்தை குறையும், மலம் சிறுத்து இறுகும், வீட்டில் நாற்றமும் கொஞ்சம் குறையும். இதெல்லாம் நான் கண்ணால் கண்டது. ஆனால் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்: ஃபெரெட்டுக்கு வேண்டியது இறைச்சி. அது பச்சையாகத்தான் இருக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை. இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுவதால்தான் பல வீடுகளில் சிக்கல் வருகிறது. 2012ஆம் ஆண்டிலேயே அமெரிக்க மிருக வைத்தியர் சங்கம் செல்லப்பிராணிகளுக்குப் பச்சை இறைச்சி கொடுப்பதை ஊக்குவிக்க வேண்டாம் என்று கொள்கை வகுத்தது. காரணம் சல்மொனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள். நோய் பிராணிக்கு மட்டும் வருவதில்லை, அதன் கிண்ணத்தைக் கழுவுகிறவருக்கும் அதன் மலத்தை அள்ளுகிறவருக்கும் வரும். 2024 டிசம்பரில் அமெரிக்காவின் ஒரேகனில் ஒரு பூனை, உறையவைத்து விற்ற பச்சை வான்கோழி உணவைத் தின்று எச்5என்1 பறவைக் காய்ச்சலில் செத்தது. ஃபெரெட்டும் இந்த விஷயத்தில் மென்மையான உயிர். மனிதரின் இன்ஃபுளுவென்சா வைரஸை 1933இல் லண்டனில் முதன்முதலாகப் பிரித்தெடுத்ததே ஃபெரெட்டுகளுக்கு அதை ஏற்றித்தான், நமக்கு வருகிற காய்ச்சல் அவ்வளவு சுலபமாக அதற்கும் வரும். வீட்டில் யாருக்காவது தடிமன் காய்ச்சல் என்றால் அந்த நாட்களில் ஃபெரெட்டைத் தூக்கிக் கொஞ்ச வேண்டாம். இது சாப்பாட்டோடு சேராத விஷயம், ஆனாலும் சொல்லிவைக்கிறேன்.

உங்கள் வீட்டில் வயதான அம்மம்மா இருக்கிறார், மூன்று வயதுப் பிள்ளை இருக்கிறான். கிருமி தொற்றினால் அதிகம் கஷ்டப்படப்போவது இவர்கள் இருவரும்தான். அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது அவித்த இறைச்சி. உறையவைத்தால் கிருமி செத்துவிடும் என்று பலர் நம்புகிறார்கள். உறைபனி சில ஒட்டுண்ணிகளைக் கொல்லும், சல்மொனெல்லாவைத் தூங்கத்தான் வைக்கும், வெளியே எடுத்ததும் எழும்பிவிடும். மூடிய பாத்திரத்தில் கொஞ்சத் தண்ணீரில் அவித்து, அந்தத் தண்ணீரையும் ஊற்றாமல் இறைச்சியோடேயே கொடுங்கள். டோரின் என்ற சத்து கண்ணுக்கும் இதயத்துக்கும் தேவை, அது அவிக்கும்போது அந்தத் தண்ணீருக்குள்தான் இறங்கும். கோழி இதயத்தில் டோரின் நிறைய உண்டு, மலிவும்கூட. உப்பு, மஞ்சள், வெங்காயம், உள்ளி எதுவும் வேண்டாம். வெங்காயமும் உள்ளியும் இரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். ஒரு நாளைக்கு நீங்கள் தனி வீட்டுக்குப் போய், பிள்ளையும் வயதானவரும் இல்லாத இடத்தில் பச்சையாகக் கொடுக்க விரும்பினால் அப்போது மறுபடி எழுதுங்கள்.

சரி, எப்படித் தொடங்குவது? முதலில் 1 கிராம் துல்லியமாகக் காட்டுகிற சமையலறைத் தராசு ஒன்று. ஒரு கொப்பியும் எடுங்கள். ஒன்றுவிட்டு ஒரு நாள், அதே நேரத்தில், இரண்டையும் ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வைத்து நிறுத்து எழுதுங்கள். பழைய நிறையில் 5 வீதம் இறங்கினால் மாற்றத்தை நிறுத்தி ஒரு படி பின்னுக்கு வாருங்கள். 10 வீதம் இறங்கினால் வைத்தியரிடம் வாருங்கள். மிளகு போன மாத நிறையிலிருந்து 9 வீதம் இறங்கினாள் என்பதை உங்கள் கணக்கே சொல்கிறது. குளிர்நாட்டவர்கள் எழுதியதைப் படித்தால், ஃபெரெட் மாரியில் கொழுத்துக் கோடையில் மெலியும், பயப்பட வேண்டாம் என்று இருக்கும். அது பகலின் நீளம் கூடிக் குறைவதால் அங்கே நடப்பது. கொழும்பில் வருடம் முழுவதும் பகல் ஏறக்குறைய 12 மணி நேரம். இங்கே ஃபெரெட் மெலிந்தால் பருவம் என்று ஒதுக்கிவிடாதீர்கள், காரணத்தைத் தேடுங்கள்.

முதல் கிழமை இறைச்சியே வேண்டாம். பழைய உலர் உணவை மிக்ஸியில் பொடியாக்கி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் குழைத்து, கஞ்சிப் பதத்தில் கொடுங்கள். பக்கத்தில் உலர் உணவு வழமைபோல இருக்கட்டும். மிளகுக்கு அது எப்போதும் இருக்க வேண்டும், இந்த மூன்று மாதமும். கஞ்சியை நக்கப் பழகினதும், நாலு தேக்கரண்டிக் கஞ்சிக்கு ஒரு தேக்கரண்டி மையாக அரைத்த இறைச்சி. நாலைந்து நாளுக்கு ஒரு தடவை இறைச்சியைக் கொஞ்சம் கூட்டி, பொடியைக் கொஞ்சம் குறையுங்கள். குளிரூட்டியிலிருந்து எடுத்ததை அப்படியே வைக்காதீர்கள். குளிர்ந்த இறைச்சிக்கு மணம் இல்லை, ஃபெரெட்டுக்கு மணம் இல்லாதது சாப்பாடு இல்லை. கிண்ணத்தைச் சுடுதண்ணீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து, உங்கள் மணிக்கட்டில் தொட்டால் சூடும் தெரியாமல் குளிரும் தெரியாமல் இருக்கிற பதத்துக்குக் கொண்டுவாருங்கள். மேலே ஒரு சொட்டு மீன் எண்ணெய் விட்டால் மூக்கு திரும்பும்.

மிளகு கிண்ணத்தைப் பார்க்காமல் போனால், அவளை மடியில் வைத்து, கஞ்சியைச் சுண்டுவிரல் நுனியில் பட்டாணி அளவு எடுத்து மேலுதட்டில் தடவிவிடுங்கள். மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு நக்குவாள். நக்கினால் அன்றைக்குப் போதும், இறக்கிவிடுங்கள். அப்புறம் மாலையில் இன்னொரு தடவை. இப்படிப் பத்து நாள் நக்கினவள் பதினோராம் நாள் விரலைத் தேடி வருவாள். அந்த நாள் வரும்வரை வாயைத் திறந்து திணிக்காதீர்கள். ஒரு தடவை பலவந்தமாக ஊட்டினால் அந்த மணத்தையே அவள் பயத்தோடு சேர்த்து நினைவில் வைத்துவிடுவாள்.

பொரிக்கு இவ்வளவு பொறுமை தேவைப்படாது. அவன் துண்டை எடுத்து ஓடினதே நல்ல அறிகுறி. ஆனால் அவன் ஓடினது தின்ன இல்லை, ஒளிக்க. அலுமாரிக்குப் பின்னால் வந்த நாற்றம் அவனுடைய சேமிப்பு. ஃபெரெட் கிடைத்ததை மறைத்து வைக்கிற உயிர். குளிர்நாட்டில் மறைத்த இறைச்சி ஒரு நாள் தாங்கும். கொழும்பில் பகல் 30, 31 பாகை வெப்பம், காற்றில் ஈரம், எறும்பு வேறு. அலுமாரிக்குப் பின்னால் கிடந்த துண்டு சில மணி நேரத்திலேயே கிருமி வளரும் தோட்டம் ஆகிவிடும். அழுகின இறைச்சியில் வளரும் பொட்டுலினம் நஞ்சு ஃபெரெட்டைக் கால் விழவைத்துக் கொல்லும். அதனால் இறைச்சி எப்போதும் கூண்டுக்குள் மட்டும். துண்டுகளை எண்ணி வையுங்கள், அரை மணி நேரத்தில் கிண்ணத்தை எடுங்கள், மிச்சத்தை எண்ணுங்கள். கணக்கு சரிவரும் வரை கூண்டுக் கதவைத் திறக்காதீர்கள். அவன் படுக்கிற துணியையும் உதறிப் பாருங்கள், முதலில் ஒளிக்கிற இடம் அதுதான். ஒரு நாளைக்கு நாலைந்து தடவையாகப் பிரித்து வைத்தால் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம்தான் இருக்கும், ஒளிக்க மிச்சமும் இராது.

எலும்பு, சுண்ணாம்புச் சத்து பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் நீங்கள் வைத்தது எலும்பில்லாத கோழி. சில வருடங்களுக்கு முன் கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு பூனைக்குட்டியைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார்கள். பாசத்தில் கோழி நெஞ்சுச் சதை மட்டும் கொடுத்து வளர்த்த குட்டி. மேசையில் விட்டேன், நிற்க முடியவில்லை. முன்னங்கால் இரண்டும் வில் மாதிரி வளைந்திருந்தன. எக்ஸ்ரேயில் எலும்புக்கும் சதைக்கும் நிறத்தில் வித்தியாசமே தெரியவில்லை, பின்னங்காலில் இரண்டு இடத்தில் முறிவு. யாரும் அடிக்கவில்லை, விழவும் இல்லை. கட்டிலிலிருந்து குதித்தது, அவ்வளவுதான். அந்த வீட்டுப் பிள்ளை "நல்ல இறைச்சிதானே கொடுத்தோம்" என்று அழுதது இன்னும் எனக்கு நினைவிருக்கிறது. 100 கிராம் சதையில் பொஸ்பரஸ் சுமார் 200 மில்லிகிராம், கல்சியம் 10 மில்லிகிராம் அளவுதான். உடம்புக்கு இரண்டும் ஏறக்குறையச் சமமாக, கல்சியம் கொஞ்சம் கூடவாக வேண்டும். உணவில் கிடைக்காத கல்சியத்தை உடம்பு தன் எலும்பிலிருந்து உருவி எடுக்கும். ஃபெரெட்டுக்கும் இதே விதி.

பச்சையாகக் கொடுக்கிறவர்கள் உணவில் 10 முதல் 15 வீதம் எலும்பாகப் பார்த்துக்கொள்வார்கள், கோழிக் கழுத்து, செட்டை மாதிரி மென்மையான எலும்பு. நீங்கள் அவித்துக் கொடுப்பதால் எலும்பு கூடவே கூடாது. அவித்த எலும்பு ஊசி மாதிரி உடையும், குடலைத் துளைக்கும். அதற்குப் பதிலாக முட்டைக்கோது. கழுவி, பத்து நிமிடம் அவித்து, நன்றாகக் காயவைத்து, மிக்ஸியில் மா மாதிரி அரைத்துப் போத்தலில் வைத்துக்கொள்ளுங்கள். அரைக் கிலோ எலும்பில்லாத இறைச்சிக்குச் சுமார் 3 கிராம் போதும். கண்ணளவில் போடாமல் தராசில் நிறுத்துப் போடுங்கள். (பச்சை எலும்புக்கு மாறுகிற வாசகர்களுக்கு ஒரு சொல்: கடையில் கறிக்கு வெட்டுகிற மாதிரி வெட்டித் தரச் சொல்லாதீர்கள். கத்தி விழுகிற இடத்திலெல்லாம் எலும்பு சில்லாகக் கூர்முனையோடு நிற்கும். முழுச் செட்டையாக வாங்குங்கள்.)

அளவு: வளர்ந்த ஃபெரெட்டுக்கு நாளொன்றுக்கு அதன் நிறையில் 5 முதல் 7 வீதம் இறைச்சி. பொரிக்கு 60 முதல் 85 கிராம், மிளகுக்கு 35 முதல் 50 கிராம். இரண்டுக்கும் சேர்த்துக் கிழமைக்கு ஒரு கிலோவுக்குள் அடங்கிவிடும். அதில் ஈரல் 45 கிராமுக்கு மேல் போக வேண்டாம். ஈரல் மணம் ஃபெரெட்டுக்குப் பிடிக்கும், பிடிக்கிறதே என்று தினமும் அள்ளிக் கொடுத்தால் விற்றமின் ஏ கூடிப்போய் மூட்டெல்லாம் இறுகிவிடும். அதே அளவு சிறுநீரகமோ மண்ணீரலோ சேருங்கள், இதயம் கொஞ்சம் தாராளமாக. கோழியோடு மட்டும் நிற்காமல் மாடு, ஆடு, காடை என்று மாற்றி மாற்றிக் கொடுங்கள். ஒரே மணத்தில் பழகினால் ஒரு வருடம் கழித்து இன்னொரு மிளகுதான் உங்கள் கையில் இருப்பாள்.

மீன் மலிவாகக் கிடைக்கிற ஊர் இது, அதனால் சொல்கிறேன்: பச்சைச் சாளை வேண்டாம். அந்த வகை மீன்களில் விற்றமின் பி1ஐ உடைக்கிற நொதி இருக்கிறது. 1930களில் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஒரு நரிப் பண்ணையில் பச்சை மீன் போட்டு வளர்த்த நரிகள் கால் விழுந்து செத்தன, அதிலிருந்துதான் இது வெளிச்சத்துக்கு வந்தது. அவித்தால் அந்த நொதி அழிந்துவிடும். முள் எடுத்து அவித்த மீன் எப்போதாவது ஒரு தடவை தரலாம். அதேபோல, "எலிதானே அதன் இயற்கை உணவு" என்று யாராவது வீட்டில் பிடித்த எலியைக் கொண்டுவந்து தந்தால் வாங்காதீர்கள். கொழும்பு எலி எலிக்காய்ச்சல் கிருமியையும், யாரோ வைத்த எலிப் பாஷாணத்தையும் உடம்பில் சுமந்துகொண்டு திரியும்.

அம்மாவின் வெள்ளிக்கிழமைக்கு வருவோம். அவர் சொல்வதை நீங்கள் தடையாக எடுக்க வேண்டாம். அம்மாவின் மனத்தாங்கலோடு இந்த மாற்றம் மூன்று மாதம் தாங்காது. புதன்கிழமை மாலையில் ஒரு கிழமைக்கானதை ஒரே தடவையில் அவித்து, முட்டைக்கோதுப் பொடி கலந்து, ஒரு நேரத்துக்கு ஒரு டப்பா என்று சின்ன மூடி டப்பாக்களில் உறையவையுங்கள். தனிச் சட்டி, தனிக் கத்தி, தனிப் பலகை. அவற்றை அம்மாவின் தொட்டியில் இல்லாமல் குளியலறையில் கழுவி, வெந்நீர் ஊற்றுங்கள். வீட்டுக் குளிரூட்டியே வேண்டாம் என்று அம்மா சொன்னால், உங்கள் அறையில் ஒரு சின்ன உறைபெட்டி. அதுவும் முடியாவிட்டால் வெள்ளிக்கிழமை இரண்டுக்கும் உலர் உணவு. நான் மனதாரச் சொல்கிறேன், கிழமையில் ஒரு நாள் பக்கெட் உணவு தின்பதால் ஒன்றும் கெட்டுவிடாது. சொல்லப்போனால் அது நல்லது. இறைச்சி கிடைக்காத நாளும் நீண்ட மின்வெட்டும் இந்த நாட்டுக்குப் புதிதில்லை. 2022இல் இரண்டையும் பார்த்தோம். எதையும் தின்னப் பழகிய ஃபெரெட்தான் அப்படிப்பட்ட நாளில் பிழைக்கும். மின்சாரம் பல மணி நேரம் நின்று டப்பா இளகிச் சூடாகிவிட்டால், மறுபடி உறையவைக்காமல் வீசிவிடுங்கள்.

அக்காவின் மகன் கூண்டருகே வந்தால் கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவப் பழக்குங்கள், ஃபெரெட்டின் வாயில் முத்தம் கொடுக்க விடாதீர்கள். மலப்பெட்டியை நீங்களே அள்ளுங்கள், அம்மம்மாவிடம் விடாதீர்கள். அள்ளும்போது பாருங்களேன், உங்களுக்கு வேறு ஆய்வுகூடம் தேவையில்லை. இறைச்சிக்கு மாறின ஃபெரெட்டின் மலம் சிறுத்து, கடும் கபில நிறத்தில் இருக்கும். தார் மாதிரிக் கறுத்து ஒட்டினால் உள்ளே இரத்தம் கசிகிறது. பச்சை நிறத்தில் சளி மாதிரிப் போனால் சாப்பாடு போதவில்லை அல்லது குடலில் நோய். மலமே போகாமல் வாந்தியும் சேர்ந்தால் குடல் அடைத்திருக்கலாம், அது இரவென்றும் பாராமல் ஓட வேண்டிய விஷயம்.

கடைசியாக, மிளகின் இரத்தச் சோதனை. அதில் சீனி குறைவு என்று வந்தால் அவளுக்கு மருந்துதான் முதல், உணவு மாற்றம் அப்புறம். நிலை உறுதியான பிறகு கஞ்சியில் இறைச்சி சேர்ப்பது அவளுக்கு நல்லதுதான், நாலு மணி நேரத்துக்கு ஒரு தடவை கட்டாயம் வயிற்றுக்குள் ஏதாவது போக வேண்டும், இரவிலும்கூட. சோதனை சரியாக வந்தால் இருவருக்கும் ஒன்றாகத் தொடங்கலாம். போகும்போது இரண்டு விஷயம் கொண்டுபோங்கள்: அந்த நிறைக் கொப்பி, அப்புறம் அவள் இப்போது தின்கிற பக்கெட்டின் பின்பக்கம். பயணத்துக்கு முச்சக்கர வண்டி வேண்டாம். பகல் வெப்பத்தில் ஃபெரெட்டுக்கு வியர்க்காது, நெரிசலில் காலி வீதியில் அரை மணி நேரம் நின்றாலே மயங்கிவிடும். குளிரூட்டிய காரில், காலை எட்டு மணிக்கு முன்பு, கூடையில் ஈரத்துணி சுற்றிய ஐஸ் போத்தல் ஒன்றும் அவளுடைய பழைய உலர் உணவு ஒரு பிடியும் வைத்துக்கொண்டு போங்கள். இரத்தம் எடுத்து முடிந்த அடுத்த நிமிடமே அதை அவள் முன்னால் வையுங்கள்.